கொண்டோர்சே இணைய வாக்குச் சேவை: நம்மூர்ச் சங்கங்களுக்குச் சரிவருமா?

மற்ற வேட்பாளர் ஒவ்வொருவரோடும் தனித்தனியே மோதவிட்டாலும் எவர் தோற்காமல் நிற்கிறாரோ அவரே தெரிவு. பிரெஞ்சுக் கணித அறிஞர் கொண்டோர்சே 1785இல் வகுத்த இந்த விதியை, அவர் பெயரிலேயே இலவசமாக நடத்தித் தருகிறது கோர்னெல் பல்கலைக்கழகத்தின் ஆன்ட்ரூ மையர்ஸ் உருவாக்கிய இணையச் சேவை. சிலை வைப்பதைவிட உருப்படியான மரியாதை.

திருகோணமலையில் ஒரு பழைய மாணவர் சங்கம், தலைவர் பதவிக்கு மூவர், 40 வாக்குகள் என்று வைப்போம். ஒவ்வொருவரும் மூவரையும் விருப்ப வரிசையில் தரப்படுத்துகிறார்கள். முதல் விருப்பு உவர்மலைக்காரருக்கு 16, திருக்கடலூர்க்காரருக்கு 14, நிலாவெளிக்காரருக்கு 10. கை உயர்த்தினால் உவர்மலை. நமது இலங்கை ஜனாதிபதித் தேர்தல் முறையில் எண்ணினால், எவருக்கும் பாதிக்கு மேல் இல்லாததால் நிலாவெளி வெளியேறும். அந்த 10 பேரின் இரண்டாம் விருப்பு 6, 4 எனப் பிரிந்தால் 22க்கு 18, மறுபடியும் உவர்மலை. ஆனால் மற்ற 30 பேரும் இரண்டாவதாக எழுதியது நிலாவெளிக்காரரை. நேருக்கு நேர் அவர் உவர்மலையை 24-16, திருக்கடலூரை 26-14 என வெல்கிறார். இந்தச் சேவை அவரையே அறிவிக்கும்.

வேட்பாளர் பெயர்களை வரிக்கு ஒன்றாக இடுங்கள்; தமிழிலேயே இடலாம். வாக்காளர் மின்னஞ்சல் முகவரிகளும் வரிக்கு ஒன்றுதான். நடத்துபவருக்கு வரும் கட்டுப்பாட்டு இணைப்பைப் பத்திரப்படுத்துங்கள். வாக்காளர் இருவருக்கு ஒரே தரமும் கொடுக்கலாம். தரம் கொடுக்காமல் விட்டவர் கடைசி இடத்துக்குப் போவார். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சிக்கல் மின்னஞ்சலில்தான். சேவையிடமிருந்து அஞ்சல் பெற வாக்காளர் முதலில் சம்மதம் பதிய வேண்டும். ஒரு கிழமைக்கு முன்பே செய்வித்துவிடுங்கள்; சம்மதம் பதியாதவருக்கு அழைப்பு போய்ச்சேராது. லண்டன், டொரன்டோ உறுப்பினர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. வாட்ஸ்அப் மட்டும் பார்க்கும் கடற்றொழிலாளர் சங்கத்தில் மகனின் முகவரியைக் கொடுப்பார்கள். ஒரே முகவரியில் அண்ணன் தம்பி இருவர் இருந்தால் ஒரு வாக்குத்தான். அங்கே வாக்குச்சீட்டே நல்லது.

இன்னொன்று: ‘அ’ என்பவர் ‘ஆ’வை, ‘ஆ’ ‘இ’யை, ‘இ’ ‘அ’வை வெல்லும் சுழலும் வரலாம். கொண்டோர்சேயே கண்ட புதிர் இது. சுழலை அவிழ்க்க ஷுல்ட்ஸே என்பவர் வகுத்தது உட்படப் பல விதிகள் சேவையில் உண்டு. விதிக்கு விதி வெற்றியாளர் மாறலாம். எந்த விதி என்பதை வாக்களிப்புக்கு முன்பே கூட்டக் குறிப்பில் எழுதுங்கள், இல்லையேல் தோற்றவர் தனக்கு வாய்ப்பான விதியைத் தூக்கிக்கொண்டு வருவார். சங்கத்தின் யாப்பில் ‘அதிக வாக்கு பெற்றவர்’ என்றிருந்தால் அதையும் முதலில் பொதுக்கூட்டத்தில் திருத்த வேண்டும்.

தலைவர், செயலாளர் போன்ற தனிப் பதவிகளுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். 11 பேர் கொண்ட நிர்வாக சபையை இதன் தரவரிசையில் மேலிருந்து எடுக்க வேண்டாம். பெரிய அணி ஒன்றே எல்லா இடத்தையும் அள்ளிவிடக்கூடும்.