குறுங்குழல் ரிவோல்வருக்கு ரவை வாங்குகிறவர்கள் கவனம்: 62,500 ரூபாவை வாங்கிக்கொண்டு பழைய ரவையைத் தலையில் கட்டிவிட்டார்கள்

கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று பார்த்தேன். ஆறவில்லை. 62,500 ரூபா. அதுவும் ஏதோ கள்ளச்சந்தையில் இல்லை. கொழும்புக்குள்ளேயே, துப்பாக்கியும் ரவையும் விற்க அனுமதி பெற்ற, சுவரில் சான்றிதழ் சட்டம் போட்டு மாட்டியிருக்கிற ஒரு கடையில். பெயரை இங்கே போடவில்லை, அது முறைப்பாட்டுக் கடிதத்தில் இருக்கும். ஆனால் என்னைப்போல அனுமதிப்பத்திரம் வைத்திருக்கிற ஆட்கள் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

நான் செட்டியார் தெருவில் நகை வியாபாரம். கடை பூட்டி இரவில் பொருளோடு வீடு போகிற தொழில். அதனால்தான் முறைப்படி விண்ணப்பித்து, பாதுகாப்பு அமைச்சின் அனுமதியோடு ஒரு ரிவோல்வர் வைத்திருக்கிறேன். .38 ஸ்பெஷல் என்கிற வகை ரவைக்கானது, ஐந்து ரவை போடுவது, குழல் இரண்டு அங்குலம்கூட வராது. 2024 நவம்பரில் தற்பாதுகாப்புக்குக் கொடுத்த துப்பாக்கிகளை எல்லாம் மீளாய்வுக்காகத் திருப்பி ஒப்படைக்கச் சொன்னார்களே, அப்போது நானும் ஒப்படைத்தேன். பிறகு மீளாய்வு முடிந்து கையில் கிடைத்தது. கையிருப்பில் இருந்தவை பல வருடம் பழைய ரவைகள். உயிரை நம்பி வைக்கிற சாமானில் பழசு வேண்டாம், நல்லதாகப் புதிதாக வாங்குவோம் என்றுதான் அந்தக் கடைக்குப் போனேன்.

அங்கே நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஏமாற்று முழுக்க அந்த அரை மணித்தியாலத்தில்தான் இருக்கிறது. கவுண்டரில் இருந்தவர் ஐம்பது வயது தாண்டியவர். அனுமதிப்பத்திரத்தை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். விலையைச் சொல்லவில்லை, "தம்பி, குழல் எத்தனை அங்குலம்?" என்றுதான் முதலில் கேட்டார். வேறெங்கும் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. மற்ற இடங்களில் ".38ஆ, இந்தாங்க" என்று எடுத்து வைப்பார்கள்.

அப்புறம் உட்காரவைத்து, பிளேன்டீ கொடுத்து விளக்கினார். ரவைப் பெட்டியில் வேகம் என்று அச்சடித்திருக்கிற எண், .38 ஸ்பெஷலுக்குப் பெரும்பாலும் நான்கு அங்குலக் குழலில் அளந்தது. இரண்டு அங்குலக் குழலில் அந்த வேகம் வராது. ஹாலோ பொயின்ட் குண்டு, அதாவது முனையில் குழி உள்ளது, உடலில் பட்டதும் விரிய வேண்டுமென்றால் ஒரு அளவு வேகம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் விரியாமல் சாதாரண ஈயக் குண்டு மாதிரியே நேராகப் போய்விடும். தடித்த துணி முனைக் குழியில் அடைத்துக்கொண்டாலும் அதே கதிதான். மறுபக்கம், மிக இலேசான குண்டை எடுத்தால் விரியும், ஆனால் ஆழமாகப் போகாது. 1986இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகுதான் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இந்த ஆழத்தைப் பெரிதாக எடுத்துக்கொண்டது, உடல் சதைக்குப் பதிலாக வைத்துச் சுட்டுப் பார்க்கிற ஜெலட்டினில் குறைந்தது 12 அங்குலம், கூடினால் 18 அங்குலம் போக வேண்டும் என்று அவர்கள் பார்க்கிறார்கள் என்றார்.

பிளஸ் பி பற்றியும் சொன்னார். அது வழமையைவிடக் கூடிய அழுத்தத்தில் செய்கிற ரவை. குறுங்குழலுக்கென்றே 135 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்கிற அலகு) எடையில் ஸ்பியர் கம்பனி கோல்ட் டொட் என்ற ரவையைச் செய்கிறது, பெயர்பெற்றது, ஆனால் அது பிளஸ் பி. "உங்கட துப்பாக்கி எழுபதுகளில செய்தது தம்பி. கையேட்டிலயே பிளஸ் பி போட வேணாம் என்று இருக்கும். ஆசைப்பட்டு அதை வாங்காதீங்க" என்றார். வீட்டில் வந்து கையேட்டைப் பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. இலேசான துப்பாக்கியில் உதை கூடினால், சுடச் சுட மற்ற அறைகளில் இருக்கிற குண்டு கோதிலிருந்து, அதாவது மருந்து அடைத்த உலோகக் கூட்டிலிருந்து, முன்னால் நழுவி, ரவைகள் இருக்கிற சுழல் உருளையான சிலிண்டரையே பூட்டிவிடும் என்றும் எச்சரித்தார்.

இவ்வளவும் உண்மை. ஒன்றுகூடப் பொய் இல்லை. பிறகு நான் தேடி வாசித்தவற்றிலும் எல்லாமே சரியாக இருந்தது. அதுதான் என்னை இன்னும் கொதிக்க வைக்கிறது. தெரியாமல் தவறு செய்த மனிதன் இல்லை இவர். எல்லாம் தெரிந்தவர்.

எனக்கு இரண்டு வழி சொன்னார். ஒன்று 148 கிரெய்ன் வாட்கட்டர். முனை தட்டையாக இருக்கும், விரிய வேண்டிய தேவையே இல்லை, உதை குறைவு, ஆழமும் போகும். அவசரத்தில் சிலிண்டருக்குள் இறக்கத்தான் அந்தத் தட்டை முனை கொஞ்சம் தடுக்கும். மற்றது, வழமையான அழுத்தத்திலேயே குறுங்குழலுக்காகச் செய்த 110 கிரெய்ன் ஹாலோ பொயின்ட். துணி அடைக்காமலிருக்க முனைக் குழியில் மென்மையான பிளாஸ்டிக் வைத்திருப்பார்கள். "வாட்கட்டர் இப்ப இல்ல. மற்றது ஒரேயொரு பெட்டி இருக்கு, 25 ரவை, உங்களுக்காக எடுத்துத் தாறன்" என்று உள்ளே போய் எடுத்து வந்தார். மின்னுகிற புதுப் பெட்டி, வாய்ப்பக்கம் டேப் ஒட்டியிருந்தது. 62,500 ரூபா. சாதாரண ரவைக்குக் கொடுப்பதைப்போலப் பல மடங்கு. இவ்வளவு தெளிவாக விளக்குகிற மனிதர், என் துப்பாக்கிக்குப் பொருந்தாததை வேண்டாம் என்று சொல்கிற மனிதர் என்று காசை எண்ணிக் கொடுத்தேன். அனுமதிப்பத்திரத்தில் 25 என்று பதிந்து முத்திரை குத்தினார். கடையில் வைத்துப் பெட்டியைத் திறக்கக் கேட்டபோது, "கவுண்டரில ரவையைப் பிரிக்கக் கூடாது தம்பி, பாதுகாப்பு விதி" என்றார்.

வீட்டில் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு திறந்தேன். உள்ளே இருந்தது பிளாஸ்டிக் முனை ஹாலோ பொயின்ட் இல்லை. மொட்டை முனை ஈயக் குண்டுகள். சிலவற்றில் கோதின் வாயில் பச்சை பூத்திருந்தது. அடித்தட்டில் பொறித்திருக்கிற எழுத்துகள் ஒன்றுக்கொன்று வேறு வேறு கம்பனி, அதாவது சுட்டுத் தள்ளிய கோதுகளைப் பொறுக்கி மறுபடி நிரப்பியவை. மருந்தைப் பற்றவைக்கிற பிரைமர்கூட ஒரே நிறத்தில் இல்லை. எல்லாவற்றையும் மேசையில் நிறுத்தி வைத்தபோது இரண்டு மட்டும் கட்டையாக நின்றன. அவை .38 ஸ்பெஷலே இல்லை, .38 எஸ் அண்ட் டபிள்யூ. பிரிட்டிஷ்காரர் காலத்து வெப்ளி, என்ஃபீல்ட் ரிவோல்வர்களுக்குப் போடுகிற வகை. பெயரில் .38 என்று இருந்தாலும் கோது குட்டை, ஆனால் அகலம் கூட. என் துப்பாக்கியின் அறைக்குள் அது முழுதாக இறங்கவே இறங்காது.

இது வெறும் காசுப் பிரச்சினை இல்லை என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். யார் நிரப்பியது, எவ்வளவு மருந்து போட்டது என்று தெரியாத ரவையில் மருந்து குறைந்திருந்தால் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கி நிற்கும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். மருந்து கூடியிருந்தால் சிலிண்டரே பிளக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு ஒருவன் கத்தியோடு முன்னால் நிற்கும்போது, கைக்குள் இருக்கிறது இந்தக் குப்பை. என் மனைவி பக்கத்தில் இருந்திருப்பாள். 62,500 ரூபாவுக்கு எனக்கு விற்றது இதைத்தான்.

அன்றே கோல் எடுத்தேன். முதலாளி வெளியே, திங்கட்கிழமை எடுங்கள் என்றார்கள். திங்கட்கிழமை, அவர் இன்னும் வரவில்லை. நேரில் போனேன். அதே மனிதர், அதே கதிரை, இந்த முறை பிளேன்டீ இல்லை. படங்களைக் காட்டினேன். பார்க்காமலேயே சொன்னார்: "பெட்டியை உடைச்சிட்டீங்க. இனி உள்ள என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?" கவுண்டரில் திறக்க விடாததும் நீங்கள்தானே அண்ணே என்றேன். "பதிவில ஏத்தியாச்சு தம்பி, ரவையைத் திருப்பி எடுக்கச் சட்டம் இல்ல" என்று அடுத்தவரைப் பார்க்கத் தொடங்கினார். பற்றுச்சீட்டை எடுத்து நீட்டினேன். அப்போதுதான் அதை ஒழுங்காகப் பார்க்கிறேன், ".38 ரவை - 25" என்று மட்டும் எழுதியிருக்கிறது. கம்பனி இல்லை, வகை இல்லை, எடை இல்லை. அதைத் திட்டம் போட்டே அப்படி எழுதியிருக்கிறார்கள்.

பிறகு வட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி. "சுட்டுப் பாருங்க, வேலை செய்யும்." கொழும்பில் நான் எங்கே போய்ச் சுட்டுப் பார்ப்பது? அதற்கடுத்த செய்தியில், இன்னும் 15,000 கொடுத்தால் "உண்மையான பெட்டி" ஒன்று பார்த்துத் தருவாராம். உண்மையான பெட்டி! அப்படியென்றால் முதலில் தந்தது என்ன பெட்டி என்று திருப்பிக் கேட்டேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. இப்போது என் எண்ணையே தடுத்துவிட்டார்.

என் நிலைமையைப் பாருங்கள். இந்த 25ஐத் தூக்கி எறிய முடியாது, என் பெயரில் பதிந்தாகிவிட்டது. வருடக் கடைசியில் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும்போது கணக்குக் காட்ட வேண்டும். துப்பாக்கிக்குள் போடவும் முடியாது. காசும் இல்லை, பாதுகாப்பும் இல்லை, பூட்டிய பெட்டிக்குள் ஒரு ஆபத்து மட்டும் இருக்கிறது.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று முழுதாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு. பெட்டியைக் கடையிலேயே, அவர்கள் கண் முன்னாலேயே திறக்காமல் காசு கொடுக்காதீர்கள். விதி என்று சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். அடித்தட்டு எழுத்து எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும், .38 ஸ்பெஷல் என்றே இருக்க வேண்டும். பற்றுச்சீட்டில் கம்பனி, வகை, கிரெய்ன் மூன்றும் எழுதச் சொல்லுங்கள். பிளஸ் பி என்றால் முதலில் உங்கள் கையேடு. நன்றாகப் பேசுகிறார் என்பதற்காக ஒரு ரூபாகூடக் கூடக் கொடுக்காதீர்கள்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி எண்ணுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன், பாதுகாப்பு அமைச்சுக்குக் கடிதம் நாளை காலை போகும், பொலிஸிலும் எழுத்தில் கொடுப்பேன். 62,500 ரூபா திரும்பி வருமோ தெரியாது. அண்மையில் கொழும்பில் குறுங்குழலுக்கென்று டேப் ஒட்டிய பெட்டி வாங்கிய யாராவது இருந்தால், இன்றிரவே அதைத் திறந்து ஒவ்வொன்றாகத் திருப்பி அடித்தட்டைப் பாருங்கள். என்னைப்போல வந்திருந்தால் உடனே எனக்கு எழுதுங்கள், கடிதத்தில் இரண்டு பெயர் இருந்தால் ஒரு பெயரைவிட மேல்.