மொட்டை மாடியா, வால்பாறையா?

பறவை பார்க்க ஆரம்பித்த எல்லோரும் ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்விதான். லீவைச் சேர்த்துவைத்து மலைக்குப் போவதா, வீட்டைச் சுற்றியே பார்ப்பதா? நான் சென்னை மேடவாக்கத்துக்காரன். நாலு வருடமாக மொட்டை மாடியிலும் பெரும்பாக்கம் ஏரிக்கரையிலும் நிற்கிறேன். நடுவில் இரண்டு முறை குடும்பத்தோடு வால்பாறை போய் வந்தேன். இரண்டையும் எடைபோட அந்த அனுபவம் போதும் என்று நினைக்கிறேன்.

முதலில் மலையின் பக்கம் பேசிவிடுகிறேன், அதற்கு எதிராக வாதாடவே முடியாத ஒன்று இருக்கிறது. நீலகிரி காட்டுப்புறா, மலபார் சாம்பல் இருவாச்சி (ஹார்ன்பில்) போன்றவை மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. மேடவாக்கம் மாடியில் தவம் கிடந்தாலும் வராது. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டித்தான் ஆகவேண்டும். சின்னவன் பன்னிரண்டாவது வளைவிலேயே வாந்தி எடுத்துவிட்டான், அது வேறு கதை.

பெரிய இருவாச்சியை முதலில் கண்ணால் பார்க்கவில்லை, காதால்தான் கேட்டேன். தேயிலைத் தோட்டத்துக்கு மேலே பழைய ரயில் இன்ஜின் மூச்சு வாங்குவதுபோல ஒரு சத்தம். அண்ணாந்து பார்ப்பதற்குள் மஞ்சள் அலகு ஒன்று அத்திமரத்துக்குள் நுழைந்து மறைந்தது. மொத்தம் அரை நிமிடம் இருக்கும். ஆணின் கண் சிவப்பு, பெண்ணின் கண் வெளுப்பு என்று படித்துவிட்டுப் போயிருந்தேன். கண்ணைப் பார்க்க எங்கே நேரம்? அடைகாக்கும் மாதங்களில் பெண் மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொள்ளும், ஆண் ஒரு கீறல் வழியாகப் பழம் ஊட்டும். அதெல்லாம் எனக்குப் படித்துத் தெரிந்ததுதான்.

லீவுப் பயணத்தின் சங்கடமே இதுதான். பறவைக்குத் தோதான நேரம் காலை ஆறிலிருந்து ஒன்பது. குடும்பத்துக்குத் தோதான நேரம் ஒன்பதுக்கு மேல். "ஏங்க, டிபன் ஆறிடும், அந்தக் குருவி நாளைக்கும் இருக்கும்ல?" என்று போன் வரும். நாளைக்கு நாங்கள் இருக்க மாட்டோமே. இரண்டாவது முறை ஜீப் அமர்த்தினேன். வழிகாட்ட வந்தவர் போனில் பறவைக் குரலை ஓடவிட்டு இழுக்கப் பார்த்தார். போட்டிக்கு இன்னொன்று வந்துவிட்டது என்று நினைத்து அந்தப் பறவை இரை தேடுவதை விட்டுவிட்டு அல்லாடும். நிறுத்தச் சொன்னேன். அன்று முழுக்க அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது மாடி. எதிர் வீட்டு வேப்பமரத்தில் காகம் கூடு கட்டியது. போன மே மாதம் ஒரு காலையில் கறுப்பு ஆண் குயில் கூட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து கத்தியது. காகங்கள் இரண்டும் அதை விரட்டிக்கொண்டு தெருமுனை வரை போயின. அந்த இடைவெளியில், அதுவரை இலைக்குள் அசையாமல் இருந்த புள்ளி போட்ட பெண் குயில் கூட்டில் இறங்கி ஏறியது. காபி டம்ளர் கையில் இருந்தது, ஒரு வாய்கூட குடிக்கவில்லை. சில வாரம் கழித்து, கறுப்புக் குயில் குஞ்சு ஒன்று கிளையில் இறக்கையை உதறி வாயைப் பிளக்க, காகம் ஊட்டிக்கொண்டிருந்தது. ஐந்து நாள் டூரில் இதைப் பார்க்க முடியாது. ஒரே மரத்தைத் தினமும் பார்ப்பவனுக்குத்தான் கிடைக்கும்.

வீட்டுக்கே விருந்தாளி வருவதும் உண்டு. ஒரு அக்டோபரில் எங்கள் பைக் நிறுத்தும் இடத்தில் பச்சை முதுகும் நீலத் தோளும் சிவந்த அடிவயிறுமாக, வால் இருப்பதே தெரியாத ஒரு பறவை சோர்ந்து கிடந்தது. தோட்டக்கள்ளன், ஆறுமணிக்குருவி என்றும் சொல்வோம். வடக்கே இமயமலை அடிவாரம் வரை இனப்பெருக்கம் செய்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வருவது. காகங்கள் கொத்த வந்தன. ஓட்டை போட்ட செருப்பு டப்பாவில் இருட்டாக வைத்து, சாயங்காலம் திறந்துவிட்டேன். எதிர் மதிலைத் தாண்டிப் போனது.

மாடிக்கும் குறை உண்டு. எதிர் ஃப்ளாட் மாமா ஒருநாள் வாட்ச்மேனை அனுப்பினார். பைனாகுலர் வேப்பமரத்தைப் பார்க்கிறதா, அவர் வீட்டு ஜன்னலைப் பார்க்கிறதா என்று அவருக்குச் சந்தேகம். மாடிக்குக் கூப்பிட்டுக் காட்டிய பிறகுதான் சமாதானமானார். ஏப்ரலில் ஏழரை மணிக்கே தரை சுடும். ஏரிக்கரையில் குப்பை நாற்றம் சேர்ந்துகொள்ளும். ஆனால் கோடியக்கரைக்கு 300 கி.மீ.க்கு மேல் போய்ப் பார்க்கும் பூநாரை (ஃப்ளமிங்கோ), சில வருடம் நம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலப் பக்கமே வந்து நிற்கிறது.

இரண்டுக்கும் நடுவே வேடந்தாங்கல். அரை நாள் போதும். டிசம்பர், ஜனவரியில் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போனால், கூடு திரும்பும் நாரைகளையும் கரண்டிவாயன்களையும் குழந்தைகளே எண்ணுவார்கள். மழை பொய்த்த வருடம் என்றால் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

புதிதாக ஆரம்பிப்பவர் என்னைக் கேட்டால், முதல் வருடம் ஊர் தாண்ட வேண்டாம் என்பேன். டூருக்கு வைத்த பணத்தில் ஒரு 8×42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ.) வாங்குங்கள். காரணம், காட்டில் அரை மணி நேரம் ஒன்றுமே இருக்காது. பிறகு பத்து வகைக் குருவிகள் ஒரே கூட்டமாக வந்து ஐந்து நிமிடத்தில் கடந்துவிடும். அந்த ஐந்து நிமிடத்தில் புத்தகத்தைப் புரட்டுபவன் தோற்றான். எங்கள் தெருச் சின்னானை (புல்புல்) ஆயிரம் முறை பார்த்திருந்ததால்தான் வால்பாறையில் நேர்க்கொண்டையும் கன்னத்துச் சிவப்பும் கண்ணில் பட்டதுமே இது சிவப்பு மீசைச் சின்னான் என்று சொல்ல முடிந்தது. பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் 15 நிமிடம் வாசலில் நின்று பட்டியல் போட்டுப் பாருங்கள், எத்தனை வகை தெரியாமல் இருந்தோம் என்று புரியும்.

மே லீவுக்கு எங்கே என்று வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வேப்பமரத்தில் காகம் குச்சி சேர்க்க ஆரம்பித்துவிட்டது. நான் இன்னும் பதில் சொல்லவில்லை.