பிரிண்டருக்கு ‘போர்டு போயிட்டு’ என்றால் உடனே நம்பிவிடாதீர்கள்

திருநெல்வேலியில் பாளையங்கோட்டை, ஜங்ஷன் பக்கம் வீட்டில் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

மகள் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறாள். பழைய வினாத்தாள் எடுக்கக் கடை கடையாக அலைய வேண்டாமே என்று 14,000 ரூபாய்க்கு இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கினேன். ஒரு வருஷ வாரண்டி. அது முடிந்த 19-ஆம் நாள் பிரிண்டர் நின்றுவிட்டது. இரண்டு சிவப்பு விளக்குகள் மாறி மாறி மின்னின, அவ்வளவுதான்.

சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பார்ப்பதற்கே 400 ரூபாய். மறுநாள் போன் வந்தது. “போர்டு போயிட்டு அண்ணாச்சி. மாத்த 6,500 ஆகும். அதுக்குப் புதுசே வாங்கிரலாம், பழசை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கிடுதோம்.”

போர்டு என்றால் பிரிண்டருக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகை. மனசு கேட்கவில்லை. திரும்ப வாங்கிக்கொண்டு ஜங்ஷனில் ஒரு சின்னக் கடைக்குப் போனேன். அந்தத் தம்பி பின்பக்கத்தைக் காட்டினார்: ஸ்குரூ மேல் ஒட்டியிருந்த சீல் கிழியவே இல்லை. திறந்துகூடப் பார்க்காமல்தான் போர்டு போனது என்று சொல்லியிருக்கிறார்கள்! எனக்கு வயிறெரிந்தது.

என் கண்முன்னாலேயே திறந்தார். அடியில் பஞ்சு மாதிரி ஒரு பேடு (வேஸ்ட் இங்க் பேடு என்பார்கள்), கறுப்பு மையில் ஊறிச் சொதசொதவென்று இருந்தது. மை வரும் முனையைச் சுத்தம் செய்ய ஹெட் கிளீனிங் கொடுக்கும்போதெல்லாம் வழிகிற மையை அதுதான் குடிக்கிறது. எவ்வளவு மை போனது என்று பிரிண்டர் உள்ளுக்குள் கணக்கு வைத்திருக்கும். கணக்கு நிறைந்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும். சித்திரை வெயிலில் ஒரு மாதம் சும்மா கிடந்து மை காய்ந்து, மகள் திரும்பத் திரும்ப கிளீனிங் கொடுத்திருக்கிறாள். அதில்தான் சீக்கிரம் நிறைந்துவிட்டது. பேடை மாற்றி, கணக்கை ரீசெட் செய்து, 700 ரூபாய் வாங்கினார். இப்போது நன்றாக ஓடுகிறது.

விளக்குகள் மின்னினால் முதலில் “வேஸ்ட் இங்க் பேடா?” என்று கேளுங்கள். உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். வாரத்துக்கு ஒரு கலர் பக்கமாவது எடுங்கள், கிளீனிங் தேவைப்படுவது குறையும். பில்லை வாங்கின அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள். என் பில்லில் தேதி வெளிறிப்போய், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துத்தான் வாசித்தேன்.

400 ரூபாய் ரசீதை வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். அதற்கு இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது.