ஃபிக்மா கொம்பொனன்ட்: ஒரு பொத்தானை 54 தடவை வரையாமல் இருக்க

செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடைக்கு இணையத்தளம் வடிவமைத்தேன். 18 பக்கம், மூன்று மொழி, ஆக 54 திரை. வெள்ளிக்கிழமை பின்னேரம் முதலாளி அழைத்தார்: "தம்பி, பட்டனில அந்தச் சிவப்பு வேண்டாம், குங்குமக் கலரா வையுங்கோ." முன்பென்றால் சனி, ஞாயிறு இரண்டும் போயிருக்கும். திரைகளை வரையும் மென்பொருளான ஃபிக்மாவில் கொம்பொனன்ட் என்று ஒன்று உண்டு: மூலப் பொத்தானை ஒரு தடவை வரைந்து, அதன் நகல்களை எல்லாத் திரையிலும் வைக்கலாம். அந்த மூலப் பொத்தானின் நிறத்தை மட்டும் மாற்றினேன். மற்றதெல்லாம் தானாக மாறின. வெள்ளவத்தையில் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டேன்.

ஆனால் ஒரு திரையில் மட்டும் பழைய சிவப்பு அப்படியே நின்றது. அவசரத்தில் அந்தப் பொத்தானை மூலத்திலிருந்து பிரித்துவைத்தது நான்தான். கண்டுபிடித்தது முதலாளி.

எனக்கு மிகவும் பிடித்தது 2019இல் வந்த ஓட்டோ லேஅவுட். ஆங்கிலத்தில் நாலெழுத்தில் முடியும் 'சென்ட்', தமிழில் 'அனுப்புங்கள்' என்று நீளும். அதற்கேற்ப பொத்தானும் தானே அகலும். வரி உயரத்தை மட்டும் தாராளமாக வையுங்கள், ஆங்கில எழுத்தை நம்பி இறுக்கினால் நம் 'கி'யின் விசிறிக்கும் சிங்களத்தின் மேற்குறிகளுக்கும் மூச்சு முட்டும். மொழிக்கொரு வடிவம் வேண்டுமென்றால் 2020இல் வந்த வேரியன்ட் இருக்கிறது. சரி, பழக ஒரு கிழமை எடுக்கும்.

இதெல்லாம் வரைபடத்தில்தான். ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் நிறம் மாற, கோட் எழுதுபவரும் அதே மாதிரி ஒரே பொத்தானாகக் கட்டியிருக்க வேண்டும். வேலை தொடங்கும்போதே அவரோடு பேசிவிடுங்கள்.