பொறியியல் கலந்தாய்வு இணையதளம்: கணக்கு பழையது, தேர்ந்தெடுக்கும் விதம் புதியது

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் மாறாதது மதிப்பெண் கணக்கு. 2007இல் நுழைவுத்தேர்வு போனது முதல், தரவரிசைக்கான கட்-ஆஃப் மதிப்பெண் 200க்குத்தான்: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. 69 சதவீத இடஒதுக்கீடும் தொடர்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீதம் 2021இல் சேர்ந்தது. அண்ணா பல்கலைக்கழகத் துறைகள் முதல் சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீடு வரை (சிறுபான்மைக் கல்லூரியில் 50 சதவீதம், மற்றவற்றில் 65) எல்லா இடமும் ஒரே தரவரிசையில் நிரம்புவதுதான் இந்தச் சேவையின் பெரும் பலம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இதற்குள் வராது.

2018க்கு முன் மாணவர் சென்னைக்கு வந்து, திரையில் காலியிடம் பார்த்து, அங்கேயே ஒன்றை எடுத்தார். இப்போது வீட்டிலிருந்தே விருப்பப் பட்டியல். அலைச்சல் மிச்சம், ஆனால் தனக்கு முன்னால் இருப்பவர்கள் எதை எடுப்பார்கள் என்று தெரியாமலே எழுத வேண்டும்.

கணினி தரவரிசைப்படி ஒவ்வொருவர் பட்டியலையும் மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் காலியாக உள்ள இடத்தைத் தருகிறது. ஆகவே எட்டாது என்று தோன்றும் கல்லூரியை மேலே போடுவதால் எந்த இழப்பும் இல்லை. 'கிடைக்கிறதை முதல்ல போடு' என்று பிரவுசிங் சென்டரில் சொல்லும் யோசனைதான் பிள்ளைகளைக் கெடுக்கிறது. அது கிடைத்துவிட்டால் கீழே உள்ள நல்ல இடத்தைக் கணினி பார்க்கவே பார்க்காது. ஒரே பெயரில் பல கல்லூரிகள் உண்டு. கல்லூரி எண்ணை வைத்தே தேர்ந்தெடுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் 'எஸ்எஸ்' என்றிருக்கும் பிரிவு சுயநிதி, கட்டணம் கூடுதல்.

அடுத்த கண்ணி 'அப்வேர்டு', அதாவது கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டே பட்டியலில் அதற்கு மேலே உள்ளதற்குக் காத்திருப்பது. மேலே உள்ள விருப்பம் கிடைத்தால் கையிலிருந்த இடம் தானாகப் போய்விடும், திரும்ப வராது. உண்மையிலேயே அதிகம் வேண்டும் என்பவை மட்டுமே மேலே இருக்கட்டும். குறித்த நாளுக்குள் உறுதிசெய்யாவிட்டால் ஒதுக்கீடே போய்விடும்.

கடந்த ஆண்டுக் கட்-ஆஃப்பை, அதாவது ஒரு பிரிவில் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண்ணை, அப்படியே நம்பக் கூடாது. சிறந்த கல்லூரிகளுக்கான சேர்க்கை உச்சவரம்பை 2024-25 முதல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) தளர்த்தியதால், தனியார் கல்லூரிகள் கணினிப் பிரிவுகளில் இடத்தைக் கூட்டுகின்றன, சிவில், மெக்கானிக்கலில் குறைக்கின்றன. இடம் கூடினால் கட்-ஆஃப் இறங்கும். குறைந்தால், கேட்பவர்களும் குறையாவிட்டால், ஏறும். இரண்டு ஆண்டு இட எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது புலப்படும். அந்த ஒப்பீட்டை விருப்பப் பட்டியல் பக்கத்திலேயே, கலந்தாய்வை நடத்தும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் காட்ட வேண்டும். உதவிக்கு ஆளில்லாத கிராமத்துப் பிள்ளைக்கு அதைவிடத் தேவையானது அந்தத் தளத்தில் வேறில்லை.