டோஃபுவைத் திட்டறதுக்கு முன்னாடி தண்ணியை எடுங்க

நான் சைவத்துக்கு மாறி நாலு வருஷம் ஆகுது, அதுல முதல் ரெண்டு வருஷம் டோஃபுன்னு (சோயா பால்ல பண்ற பனீர் மாதிரி ஒண்ணு) பேரைச் சொன்னாலே எனக்கு ஆகாது. இப்ப வாரத்துக்கு ரெண்டு பாக்கெட் காலி ஆகுது. பிராண்ட் பேர் எதுவும் சொல்லப் போறதில்ல, ஏழெட்டு பிராண்ட் வாங்கிப் பார்த்தாச்சு, எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், பாக்கெட் மேல சில்க்கன்னு (கொழகொழப்பானது) போட்டிருக்கா ஃபர்ம்னு (கெட்டியானது) போட்டிருக்காங்கிறதுதான் விஷயமே.

அது தெரியாம நான் பண்ண கூத்தைச் சொல்றேன். முதல் தடவை வாங்கினப்ப டப்பா சின்னதா அழகா இருக்கேன்னு சில்க்கனை எடுத்துட்டு வந்துட்டேன். வெட்டும்போதே கத்தியில ஒட்டிக்கிட்டு வழியுது, சரி எண்ணெயில போட்டா இறுகிடும்னு நெனச்சு போட்டேன் பாருங்க, பட்டாசு மாதிரி வெடிச்சு கையெல்லாம் தெறிச்சுது, மூடியைக் கேடயம் மாதிரி புடிச்சுக்கிட்டு நின்னு கிளறினேன். கடைசியில தட்டுல வந்தது வெள்ளையா கொழகொழன்னு ஒண்ணு. எங்க வீட்டுக்காரர் அசைவம் சாப்பிடறவர், தட்டைப் பார்த்துட்டு மெதுவா கேட்டார், "ஏம்மா, கறியை விட்டது சரி, அதுக்கு உன்னை நீயே இப்படி தண்டிச்சுக்கணுமா?" அன்னிக்கு டோஃபுவுக்கு ஒரு ஸ்டார் குடுத்திருப்பேன், அதுவும் பாக்கெட்டுக்காக.

தப்பு என் பேர்லதான். டோஃபுங்கிறது சோயா பாலைத் திரிய வெச்சு எடுக்கறது. சில்க்கன்ல அதை அப்படியே உறைய விட்டுடறாங்க, தயிர் உறையற மாதிரி, பிழியறதே இல்ல, தண்ணி முழுக்க உள்ளேயே இருக்கும். ஃபர்ம்ல திரிஞ்சதை அச்சுல போட்டு பாரம் வெச்சு அழுத்தறாங்க, எவ்வளவுக்கு எவ்வளவு அழுத்தறாங்களோ அவ்வளவு கெட்டி, புரதமும் அதுலதான் ஜாஸ்தி. பாக்கெட் பின்னாடி பார்த்தீங்கன்னா சில்க்கன்ல 100 கிராமுக்கு 5 கிராம் பக்கத்துல இருக்கும், நல்லா அழுத்தினதுல 15 கிராம் வரைக்கும் போகும். அதுக்காக சில்க்கன் வேஸ்ட்னு சொல்லல, அதோட இடம் மிக்ஸி. சூப்புல க்ரீமுக்கு பதிலா அடிச்சு ஊத்தலாம், உருக்கின டார்க் சாக்லேட்டோட சேர்த்து அடிச்சு ஃப்ரிட்ஜ்ல ரெண்டு மணி நேரம் வெச்சா முட்டையே இல்லாம மூஸ் மாதிரி செட் ஆகுது, சோயா வாசனை துளி கூட தெரியல. எண்ணெய்ச் சட்டிக்கு மட்டும் அதைக் கொண்டு போகாதீங்க.

ஃபர்ம் வாங்கினாலும் வேலை இருக்கு. பாக்கெட்டைப் பிரிச்சதும் நேரா மசாலால ஊறப் போடறது பெரிய தப்பு, உள்ளே ஏற்கனவே தண்ணி நிரம்பி நிக்குது, மசாலா எங்க போய் உக்காரும்? நீளவாக்குல ரெண்டா பிளந்து, சுத்தமான துணியில சுத்தி, மேல கனமா எதாவது வெச்சு அரை மணி நேரம் விட்டுடுங்க, துணியைப் பிழிஞ்சா கால் டம்ளர் தண்ணியாவது வரும். இதுக்குன்னே ஸ்ப்ரிங் வெச்ச பிரஸ் விக்கறாங்க, நானும் ஆசைப்பட்டு வாங்கினேன், ஒரு மாசத்துல ஒரு பக்கம் கிளிப் உடைஞ்சு போச்சு, திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்க. காசுக்குப் புடிச்ச கேடு, ரெண்டு தடிமனான டிக்ஷ்னரி போதும். இன்னொண்ணு, ஊற வைக்கும்போது எண்ணெய் சேர்க்காதீங்க, உள்ளே ஈரம் இருக்கறதால எண்ணெய் மேலயே படலமா நின்னுடும், உப்பையும் புளிப்பையும் உள்ளே விடாது. பூண்டு, மிளகு, எலுமிச்சை, சோயா சாஸ், அப்புறம் பொரிக்கப் போறதுக்கு முன்னாடி கொஞ்சம் கார்ன்ஃபிளார் தூவிப் புரட்டுங்க, மொறுமொறுன்னு ஒரு தோல் வரும்.

என் மனசை மாத்தினது இதெல்லாம் கூட இல்ல, ஃப்ரீசர்தான். ஒரு நாள் மறந்து போய் பாக்கெட்டோட ஃப்ரீசர்ல தள்ளிட்டேன், மறுநாள் பார்த்தா மஞ்சளா கல்லு மாதிரி கிடக்குது, கெட்டுப் போச்சுன்னு தூக்கிப் போட இருந்தேன். கெடல. உள்ள இருக்கற தண்ணி பனிக்கட்டியா விரிஞ்சு ஓட்டை ஓட்டையா ஆக்கிடுது, உருகினதும் நிறம் திரும்ப வெளுத்துடும், ஆனா ஓட்டை அப்படியே இருக்கும். கையில எடுத்து ஸ்பாஞ்ச் மாதிரி பிழியலாம், நிஜமாவே பிழியலாம், விரல் நடுவுல தண்ணி கொட்டும். அதுக்கப்புறம் குழம்புல போட்டா உறிஞ்சற உறிஞ்சு இருக்கே, கடிச்சா சாறு வாயில இறங்குது. கறி மாதிரி இருக்கான்னு கேக்காதீங்க, இல்ல. கறிக்கு மாத்துன்னு நெனச்சு சாப்பிட்ட வரைக்கும் எனக்கு ஏமாத்தம்தான், டோஃபுவை டோஃபுவா சாப்பிட ஆரம்பிச்சப்புறம்தான் பிடிச்சுது.

சைவமா இருக்கறவங்களுக்கு இன்னொரு நிம்மதி, இதுல ஒளிஞ்சு நிக்கற சமாச்சாரம் கிடையாது. சீஸ்ல ரென்னெட்டுன்னு கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கறது சில வகைல சேருது, ஜெல்லி மிட்டாய்ல ஜெலட்டின், அது எலும்பும் தோலும். டோஃபுவைத் திரிய வைக்க வழக்கமா போடறது கால்சியம் சல்ஃபேட்டோ மெக்னீசியம் குளோரைடோதான், ரெண்டுமே தாது உப்பு. கால்சியம் சல்ஃபேட்னு போட்டிருந்தா அதையே எடுங்க, கால்சியமும் சேர்ந்து கிடைக்கும். ஆனா வைட்டமின் பி12 இதுல கிடையாது, தனியா சேர்த்திருந்தா லேபிள்ல போட்டிருக்கும், எனக்கு பால் தயிர்ல வருது, அதையும் விட்டவங்க மாத்திரையைப் பத்தி டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. இரும்புச்சத்து இருக்கு, எலுமிச்சை பிழிஞ்சா உடம்புல நல்லா சேரும், சாப்பிட்ட கையோட டீ குடிச்சா குறையும் (இதை மட்டும் என்னால கடைப்பிடிக்க முடியல). தைராய்டு மாத்திரை சாப்பிடறவங்க மாத்திரைக்கும் சோயாவுக்கும் நல்லா இடைவெளி விடணும், சோயா அலர்ஜி இருக்கறவங்களுக்கு இந்த ரிவ்யூவே வேண்டாம்.

ஒரு பழைய கதை. அமெரிக்காவை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1770-ல லண்டன்ல இருந்து ஜான் பார்ட்ராம்னு ஒருத்தருக்கு எழுதின கடிதத்துல, சீனாவுல பயறுல இருந்து சீஸ் பண்றாங்கன்னு டோஃபுவைப் பத்தி ஆச்சரியமா எழுதியிருக்கார். இதுல வேடிக்கை என்னன்னா மனுஷன் 16 வயசுல சைவமா மாறினவர். அப்புறம் ஒரு கப்பல் பயணத்துல மீன் வறுக்கற வாசனை தாங்காம, பெரிய மீன் வயித்துல சின்ன மீன் இருக்கறதைப் பார்த்து, நீங்களே ஒருத்தரை ஒருத்தர் தின்னும்போது நான் உங்களைத் தின்னா என்னன்னு தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கிட்டு சாப்பிட்டுட்டார், அதை அவரே எழுதி வெச்சிருக்கார். எனக்கு அவர் மேல கோவமே வரல. எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமை பக்கத்து அடுப்புல மீன் வறுபடும்போது நானும் ஜன்னல் பக்கமா போய் நிக்கறவதான். அன்னிக்குன்னு பார்த்து என் சட்டியில மொறுமொறுன்னு எதாவது இருந்தா மனசு அலையாது, டோஃபு எனக்கு அந்த அளவுக்கு உதவுது.

குறைன்னா, பாக்கெட்டைப் பிரிக்கும்போது தண்ணி மேடையெல்லாம் கொட்டுது, ஒரு பிராண்டும் இதுக்கு வழி கண்டுபிடிக்கல. மீதியை தண்ணியில மூழ்க வெச்சு தினமும் தண்ணி மாத்தணும், மாத்தினாலும் மூணு நாலு நாள்தான், புளிச்ச வாசனையோ வழவழப்போ வந்தா யோசிக்காம குப்பையில போடுங்க. உப்பில்லாம வெறுமனே சாப்பிட்டா ஈர அட்டை ருசி, அதை மறைக்க மாட்டேன். ஃபர்ம்க்கு நாலு ஸ்டார், சில்க்கன்க்கு மூணு, அந்த பிரஸ்ஸுக்கு ஒண்ணும் கிடையாது.

ஃப்ரீசர்ல இப்ப மூணு இருக்கு, மேல பேர் எழுதி ஒட்டிட்டேன். போன வாரம் எங்க வீட்டுக்காரர் ஒண்ணை எடுத்து வெளிச்சத்துல காட்டி, "பழைய சோப்பை எதுக்கு ஃப்ரீசர்ல வெச்சிருக்கே?"ன்னு கேட்டார். அன்னிக்கு ராத்திரி அதே சோப்புல என் பங்கையும் சேர்த்து சாப்பிட்டுட்டார்.