அவாஸ் ஆப்: பேச்சு வராத பசங்களுக்கு கிளாஸ்ல எப்படி இருக்கு

நான் ஸ்பெஷல் எஜுகேட்டர். பேச்சு வராத ஆட்டிசம், சிபி (செரிப்ரல் பால்சி, அதாவது பெருமூளை வாதம்) பசங்களுக்கு கிளாஸ்ல அவாஸ் தான் யூஸ் பண்றோம். சென்னைல உருவானது, ஐஐடி மெட்ராஸ்ல படிச்ச அஜித் நாராயணன், மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யாசாகர்ங்கற அமைப்போட சேர்ந்து முதல்ல தனி கருவியா பண்ணாரு, அப்புறம்தான் ஐபேட், ஆண்ட்ராய்டுக்கு ஆப்பா வந்துச்சு. படத்த தொட்டா வார்த்தை மேல ஏறும், வரிசையா சேத்துட்டா வாக்கியமா பேசும், தமிழ்லயும் இருக்கு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது நம்ம எடுத்த போட்டோவையே சேக்கலாம்ங்கறதுதான், அந்தப் புள்ளையோட பாட்டி, ஸ்கூல் வேன், வீட்டுத் தட்டுன்னு போட்டுக் குடுத்தா அது தொடுற ஆர்வமே வேற. "வேணும்" மட்டும் இல்ல, "வேண்டாம்", "போதும்" கூட முதல் பக்கத்துலயே இருக்கணும், புள்ள அத சொன்னா நாம கேக்கணும். கை கட்டுப்பாடு கம்மியான சிபி பசங்களுக்கு படம் பெருசா, கொஞ்சமா வெச்சு ஆரம்பிங்க, ஆனா எடத்த அடிக்கடி மாத்தாதீங்க, கை பழகின எடம் அது.

சில ஸ்கூல்ல பீரியட் முடிஞ்சதும் டேப்லெட்ட பீரோல பூட்டிடறாங்க, பாக்க வயிறு எரியுது, லஞ்ச்ல அந்தப் புள்ள எதால பேசும்? நாமளும் அதே ஆப்ப தொட்டுத் தொட்டு பேசிக் காட்டணும், புள்ளைய மட்டும் தொடச் சொன்னா வராது.

காசு கட்டற ஆப்தான். ட்ரையல்ல வீட்லயும் கிளாஸ்லயும் ஓட்டிப் பாத்துட்டு வாங்குங்க.